சென்னையின் பழைய பேட்டைகளும் நகர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடு தேடுகிறவர்கள், தாத்தா வாழ்ந்த தெருவைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள், கல்லூரித் திட்டக் கட்டுரைக்காக அலைகிற மாணவர்கள் எல்லோரும் சுற்றிச் சுற்றி ஒன்றைத்தான் கேட்கிறார்கள்: இந்தப் பகுதி ஏன் இப்படி இருக்கிறது? பதில் பெரும்பாலும் கட்டடங்களில் கிடைப்பதில்லை, மனையில்தான் கிடைக்கிறது. யாருக்காக, என்ன தொழிலுக்காக நிலத்தை அளந்து கொடுத்தார்கள், தண்ணீர் எந்தப் பக்கம் நின்றது, தெருவுக்கு எவ்வளவு அகலம் விட்டார்கள் என்று பாருங்கள். வீட்டை இடித்து மூன்று முறை கட்டினாலும் மனையின் எல்லை அவ்வளவு எளிதில் மாறாது.

சென்னையில் பழைய குடியிருப்பு என்றால் எவ்வளவு பழையது?

மூன்று அடுக்குகளாகப் பார்த்தால் குழப்பம் வராது. முதல் அடுக்கு, கோட்டை வருவதற்கு முன்பே இருந்த ஊர்கள். 1639 ஆகஸ்டில் தாமல் வெங்கடப்ப நாயக்கர் கடலோர மணல் நிலத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தபோதே மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, திருவான்மியூர், திருவொற்றியூர், எழும்பூர், நுங்கம்பாக்கம் எல்லாம் கோயிலும் ஏரியும் வயலும் கொண்ட ஊர்களாக இருந்தன. கம்பெனி இவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சேர்த்துக்கொண்டது. 1676-ல் திருவல்லிக்கேணி, 1693-ல் எழும்பூர், புரசைவாக்கம், தண்டையார்பேட்டை, 1708-ல் நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, திருவொற்றியூர் உட்பட ஐந்து கிராமங்கள், 1742-ல் வேப்பேரி, பெரம்பூர் முதலியவை, 1749-ல் சாந்தோமும் மயிலாப்பூரும் என்று வரிசையாக வந்து சேர்ந்தன.

இரண்டாவது அடுக்கு, கம்பெனியின் வியாபாரத்துக்காகப் புதிதாக உருவான பேட்டைகள். மூன்றாவது, 1920-களிலிருந்து திட்டம் போட்டு அமைத்த நகர்கள். 2011-ல் மாநகராட்சி எல்லை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. அன்று உள்ளே வந்த கிராமங்கள் இப்போது கடந்து கொண்டிருப்பது, நுங்கம்பாக்கம் 300 ஆண்டுகளுக்கு முன் கடந்த அதே கட்டம்தான்.

மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும் ஏன் மற்ற பகுதிகளைப் போல் இல்லை?

இரண்டும் கோயிலைச் சுற்றி வளர்ந்தவை. நடுவில் கோயிலும் குளமும், சுற்றிலும் நான்கு மாட வீதிகள், அவற்றிலிருந்து பிரியும் குறுகிய தெருக்கள். தேர் திரும்ப வேண்டும் என்பதால் மாட வீதிகள் அகலமாக இருக்கின்றன. மற்ற தெருக்களுக்கு அந்த அவசியம் இல்லை. பங்குனித் திருவிழாவின் எட்டாம் நாள் அறுபத்து மூவர் உலா வரும்போது மயிலாப்பூர் மாட வீதியில் போய் நின்று பாருங்கள், அந்தத் தெரு எதற்காக அந்த அளவில் இருக்கிறது என்பது தானாகவே புரியும்.

மயிலாப்பூர் சம்பந்தர் பாடிய ஊர், பேயாழ்வார் பிறந்த ஊர். போர்ச்சுகீசியர் 1520-களில் சாந்தோமில் குடியேறினார்கள். கடற்கரையை ஒட்டி இருந்த பழைய கபாலீசுவரர் கோயில் அவர்கள் காலத்தில் அழிந்தது, இன்று நாம் பார்ப்பது உள்ளே தள்ளிக் கட்டிய கோயில் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. எனவே மாட வீதிகளின் இன்றைய அமைப்பைச் சம்பந்தர் காலத்துக்குக் கொண்டுபோக முடியாது.

இந்த ஊருக்கு இன்னொரு முகத்தைக் கொடுத்தவர்கள் வக்கீல்கள். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மயிலாப்பூரின் லஸ் பகுதியில் பெரிய தோட்டங்களோடு பங்களாக்கள் எழுந்தன. உயர் நீதிமன்றத்தில் வாதாடியவர்கள் மாலையில் கூடிப் பேசிய இடம் இது. 1872-ல் தொடங்கிய மயிலாப்பூர் இந்து பெர்மனன்ட் ஃபண்ட், 1906-ல் வி. கிருஷ்ணசாமி ஐயர் நிறுவிய சமஸ்கிருதக் கல்லூரி போன்றவை எல்லாம் அந்தப் பழக்கத்திலிருந்து பிறந்தவை. கோயில் தெருவில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், பத்து நிமிட நடையில் வக்கீல் பங்களாக்கள். இன்றும் கச்சேரி சாலைப் பக்கமும் லஸ் பக்கமும் வேறு வேறு ஊர் போலத் தோன்றுவதற்கு இதுதான் காரணம்.

திருவல்லிக்கேணியின் கதையில் நவாபும் உண்டு. பார்த்தசாரதி கோயிலில் பல்லவர் காலக் கல்வெட்டு இருக்கிறது. ஆனால் அந்த ஊரின் இன்றைய கலவைக்கு அடித்தளம் போட்டது 1768-ல் சேப்பாக்கத்தில் அரண்மனை கட்டிக் குடிவந்த ஆற்காடு நவாப் முகம்மது அலி வாலாஜா. அவரோடு அதிகாரிகளும் வீரர்களும் புலவர்களும் கைவினைஞர்களும் வந்தார்கள். 1795-ல் வாலாஜா பெரிய மசூதி எழுந்தது. ஒரு பக்கம் தமிழும் தெலுங்கும் பேசும் வைணவத் தெருக்கள், கொஞ்ச தூரத்தில் உருது பேசும் தெருக்கள்.

அப்புறம் அச்சகமும் பத்திரிகையும் வந்தன. 1878-ல் ஆறு இளைஞர்கள் இங்கே தொடங்கியதுதான் 'தி இந்து'. 1904-ல் தொடங்கிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம், நாட்டின் கூட்டுறவு வரலாற்றில் முதல் வரிசையில் இருக்கிறது. பாரதியார் கடைசிக் காலத்தில் வாழ்ந்து 1921-ல் மறைந்ததும் இங்கேதான். வெளியூரிலிருந்து வேலை தேடி வரும் ஆண்களுக்கு அறை கொடுக்கும் மேன்ஷன்கள் பின்னர் பெருகின. இத்தனை வகை மனிதர்களை இவ்வளவு சின்ன இடத்தில் ஏற்றுக்கொண்ட பகுதி சென்னையில் வேறு இல்லை என்பேன்.

ஜார்ஜ் டவுன் கடைவீதிதானே, அதைக் குடியிருப்பு என்று சொல்லலாமா?

தாராளமாகச் சொல்லலாம். நகரத்தின் முதல் திட்டமிட்ட குடியிருப்புகளில் அது ஒன்று. கோட்டைக்கு வடக்கே ஒட்டினாற்போல் இருந்த பழைய கறுப்பர் நகரம் (இந்தியர்கள் வாழ்ந்த பகுதியை ஆங்கிலேயர்கள் அழைத்த பெயர்) இன்று இல்லை. 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தார்கள், 1749-ல் திருப்பிக் கொடுத்தார்கள். எதிரி மறைந்து சுடுவதற்கு வீடுகள் இடம் கொடுக்கக் கூடாது என்று கோட்டையைச் சுற்றி இருந்தவை இடிக்கப்பட்டு வெட்டவெளியாக்கப்பட்டன. உயர் நீதிமன்றம் நிற்பது அந்தப் பழைய ஊரின் மேல்தான். வெட்டவெளியின் எல்லையைக் காட்ட நட்ட ஆறு தூண்களில் ஒன்று பாரிமுனையில் இன்னும் இருக்கிறது. அங்கிருந்த சென்னகேசவர் கோயிலும் பூக்கடைப் பக்கம் மாற்றிக் கட்டப்பட்டது.

அதற்கு வடக்கே ஏற்கனவே வளர்ந்திருந்த முத்தியாலுப்பேட்டையும் பெத்தநாயக்கன்பேட்டையும்தான் புதிய கறுப்பர் நகரம் ஆயின. வேல்ஸ் இளவரசர் ஜார்ஜ் வந்து போனதை ஒட்டி 1906-ல் ஜார்ஜ் டவுன் என்று பெயர் மாறியது. இரண்டு பேட்டைகளுக்கும் நடுவே வடிகாலாக இருந்த பள்ளத்தைத் தூர்த்து ஸ்டீபன் போபம் என்ற வழக்கறிஞர் போட்ட சாலைதான் பிராட்வே, இன்றைய பிரகாசம் சாலை.

இங்கே தெருக்கள் நேராகவும் குறுக்கே வெட்டியும் போவது அழகுக்காக இல்லை. வலங்கை, இடங்கை என்று இரண்டாகப் பிரிந்து நின்ற சாதிக் கூட்டணிகளுக்குள் 1652-லும் 1707-லும் பெரிய மோதல்கள் நடந்தன. யார் எந்தத் தெருவில் குடியிருக்கலாம், யாருடைய ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போகலாம் என்று கம்பெனி எல்லை வகுத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. முத்தியாலுப்பேட்டை இடங்கையினருக்கும் பெத்தநாயக்கன்பேட்டை வலங்கையினருக்கும் என்ற பிரிவு அப்படி இறுகியது. சென்னையின் தெரு வரைபடத்தில் சாதி எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி தேவையில்லை.

தம்புச் செட்டி, லிங்கிச் செட்டி, கோவிந்தப்ப நாயக்கன் என்று தெருப் பெயர்கள் வணிகர்களை நினைவில் வைத்திருக்கின்றன. பவளக்காரத் தெருவும் ஆர்மீனியன் தெருவும் தூர தேசத்து வியாபாரிகள் இங்கே வாழ்ந்ததைச் சொல்கின்றன. பிறகு குஜராத்திகளும் மார்வாடிகளும் சௌகார்பேட்டைக்கு வந்தார்கள். கீழே கடை, மேலே வீடு என்பதுதான் இங்கே வழக்கம். கோடவுன் தெருவில் துணி, ஆண்டர்சன் தெருவில் காகிதம், நைனியப்ப நாயக்கன் தெருவில் இரசாயனப் பொருள்கள் என்று ஒரு தெருவுக்கு ஒரு சரக்கு. காய்கறிச் சந்தை 1996-ல் கொத்தவால் சாவடியிலிருந்து கோயம்பேட்டுக்குப் போனது, ஆனால் மற்ற மொத்த வியாபாரம் நகரவில்லை. மாடியில் குடும்பங்கள் குறைந்து கிடங்குகள் கூடிவிட்டன என்பது உண்மைதான். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைகள் மூடியிருக்கும்போது ஒரு நடை போய் வந்தால், மாடி ஜன்னல்களில் இன்னும் குடும்பங்கள் வாழ்வது தெரியும்.

சிந்தாதிரிப்பேட்டை, காலடிப்பேட்டை, வண்ணாரப்பேட்டை: இவை எப்படி உருவாயின?

துணிக்காக. கம்பெனி மதராஸில் கால் ஊன்றியதே பருத்தித் துணிக்காகத்தான். நெசவாளர்கள் தூரத்தில் இருந்தால் சரக்கு நேரத்துக்கு வராது என்று அவர்களைக் கொண்டுவந்து குடிவைத்தார்கள். 1717 முதல் 1720 வரை கவர்னராக இருந்த ஜோசப் காலட், திருவொற்றியூர்ப் பக்கம் நெசவாளர்களுக்கு ஒரு குடியிருப்பை அமைத்தார். காலட் பேட்டைதான் மக்கள் வாயில் காலடிப்பேட்டை ஆனது. 1734-ல் கவர்னர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் காலத்தில், கூவம் வளைந்து போகிற இடத்தில் சுங்குராமச் செட்டியின் தோட்டம் இருந்த நிலத்தில் சிந்தாதிரிப்பேட்டை எழுந்தது. நூற்பவர், நெய்பவர், துணியில் வண்ணம் தீட்டுபவர் எல்லோருக்கும் அங்கே மனை கொடுக்கப்பட்டது. நெய்த துணியை வெளுத்துக் கொடுத்தவர்கள் வாழ்ந்த இடம் வண்ணாரப்பேட்டை.

நெசவாளர் மனை என்றால் தறி போட உள்ளே இடம் வேண்டும், பாவு (தறியில் ஏற்றும் நீள நூல்) விரிக்க வெளியே நீளமான தெரு வேண்டும். சிந்தாதிரிப்பேட்டையின் நேரான தெருக்களை அந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும்.

நுங்கம்பாக்கம், எழும்பூர்ப் பகுதிகளில் ஏன் இத்தனை பெரிய காம்பவுண்டுகள்?

18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் போர் பயம் குறைந்ததும் கோட்டைக்குள் நெருக்கியடித்து வாழ்ந்த ஆங்கிலேயர்கள் வெளியே வந்தார்கள். ஏக்கர் கணக்கில் நிலம் வாங்கி நடுவில் தோட்ட வீடு கட்டிக்கொண்டார்கள். ஒரு தோட்டத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே வண்டி போன தடங்கள்தான் இன்றைய ஹாடோஸ் சாலை, ஸ்டெர்லிங் சாலை போன்றவை. அதனால்தான் வழக்கமான தெரு வரிசையை இங்கே பார்க்க முடிவதில்லை. காலப்போக்கில் தோட்டங்கள் கை மாறின. சில கல்லூரிகளாகவும் அலுவலகங்களாகவும் ஆயின, பல துண்டு போட்டு விற்கப்பட்டன. ஒரு தெருவில் நுழைந்து அது முட்டுச்சந்தாக முடிந்தால், பெரும்பாலும் அது ஒரு பழைய தோட்டத்துக்குள் வீட்டு வாசலுக்குப் போன பாதையாக இருந்திருக்கும்.

தி. நகர் ஏரியின் மேல் கட்டப்பட்டது என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். மயிலாப்பூர், தேனாம்பேட்டைப் பக்கத்திலிருந்து மாம்பலம் வழியாக நுங்கம்பாக்கம் வரை வளைந்து கிடந்தது நெடுங்குளம். 1920-களில் அதன் ஒரு பகுதியான மாம்பலம் ஏரியின் நீரை வடித்துவிட்டு அந்த நிலத்தில் குடியிருப்பு அமைக்கத் தொடங்கினார்கள். 1920-ல் வந்த நகரமைப்புச் சட்டம் அதற்கு வழி செய்தது. அன்று ஆட்சியில் இருந்தது நீதிக்கட்சி. 1925-ல் மறைந்த பிட்டி தியாகராயச் செட்டியாரின் பெயர் நகருக்கு வைக்கப்பட்டது. முதலமைச்சராக இருந்த பனகல் அரசர் பெயரில் நடுவே பூங்கா, அதிலிருந்து கதிர்போல் பிரியும் சாலைகள். டாக்டர் நடேச முதலியார், முகமது உஸ்மான், கோபதி நாராயணசாமிச் செட்டி என்று கட்சியின் தலைவர்களும் பிரமுகர்களும் பூங்காவாகவும் சாலையாகவும் நிலைத்துவிட்டார்கள். பாண்டி பஜாரின் முழுப்பெயர் சௌந்தரபாண்டியனார் அங்காடி, ஊ.பு.அ. சௌந்தரபாண்டியனும் அதே இயக்கத்தைச் சேர்ந்தவர். ஒரு அரசியல் இயக்கத்தின் வரலாற்றை நடந்தே படிக்க முடிகிற பகுதி தமிழ்நாட்டில் இது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

மனைகள் ஒரு கிரவுண்டு, இரண்டு கிரவுண்டு, அதற்கு மேலும் இருந்தன. கிரவுண்டு என்பது சென்னைக் கணக்கில் 2,400 சதுர அடி. வீட்டைச் சுற்றி நான்கு பக்கமும் இடம் விட வேண்டும் என்பது விதி. பொதுச் சுவரும் திண்ணையும் உள்ள வீட்டிலிருந்து வந்தவர்களுக்கு இது பெரிய மாற்றம். வாசலில் உட்கார்ந்து தெருவோடு பேசிய வாழ்க்கை, கேட்டுக்கும் போர்ட்டிகோவுக்கும் பின்னால் போனது. 1931-ல் கடற்கரை முதல் தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியதும் பாரிமுனையில் வேலை, மாம்பலத்தில் வீடு என்பது சாதாரண குமாஸ்தாவுக்கும் கைக்கெட்டியது. ரயில் பாதைக்கு மேற்கே இருந்த மேற்கு மாம்பலம் திட்டத்துக்குள் வராமல் தன்போக்கில் வளர்ந்தது. சின்ன மனைகளும் குறுகிய சந்துகளும் அதனால்தான்.

ஏரி போனாலும் பள்ளம் போகவில்லை. 2015-லும் 2021 நவம்பரிலும் பெய்த மழையில் தி. நகரின் தெருக்களில் தண்ணீர் நின்றது. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில்தான் 1976-ல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது, பக்கத்துத் தெருக்களை இன்றும் லேக் ஏரியா என்றே சொல்கிறோம். இந்தப் பகுதிகளில் வீடு வாங்குகிறவர்கள் பழைய வரைபடத்தில் நீர்நிலை எங்கே இருந்தது என்று கட்டாயம் பார்க்க வேண்டும். தரகர் சொல்ல மாட்டார்.

வடசென்னையின் குணம் ஏன் இவ்வளவு வேறுபட்டது?

துறைமுகம், ரயில், ஆலை மூன்றும் அங்கே இருந்ததால். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்துதான் வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. பெரம்பூரில் ரயில்வே பணிமனைகள் வந்தன. கூடவே ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களும் சர்ச்சும் பள்ளியும் நடன அரங்கும் வந்தன. 1876-லும் 1881-லும் தொடங்கிய பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை கொடுத்தன. 1918-ல் பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் முன்னின்று மெட்ராஸ் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கியது இந்த ஆலைத் தொழிலாளர்களுக்காகத்தான். முறையாக அமைந்த இந்தியத் தொழிற்சங்கங்களில் அதுவே முதல் என்று சொல்வார்கள். 1921 வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளர்கள் சாதியால் பிளவுபட்டு, புளியந்தோப்பில் ஆதிதிராவிடர் குடியிருப்புகள் தீக்கிரையாயின. பெருமையோடு அந்த வேதனையையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

1955-ல் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப். வந்தது. ஆலைச் சங்கு நேரத்தைச் சொன்ன தெருக்களில் ஷிப்டு முடிந்தவர்களுக்குப் பொழுதுபோக்கு பக்கத்திலேயே வேண்டியிருந்தது. குத்துச்சண்டை, கால்பந்து, கேரம் எல்லாம் இங்கே வேர் பிடித்தது அப்படித்தான். கானாப் பாட்டும் இந்தத் தெருக்களின் குரல். ராயபுரத்தில் பார்சிகளின் அக்கினிக் கோயில் 1910-லிருந்து இருக்கிறது, தமிழ்நாட்டில் இருப்பது அது ஒன்றுதான். பின்னி ஆலைகள் என்று அழைக்கப்பட்ட பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் 1996-ல் மூடப்பட்டன. வேலை போனாலும் மக்கள் போகவில்லை. வடசென்னையை ரவுடித்தனத்தின் பெயராக்கி வைத்திருப்பது பெரிய அநியாயம். இந்த நகரத்தின் சரக்கையும் ரயிலையும் துணியையும் சுமந்த உழைப்பு இங்கேதான் குடியிருந்தது.

அடையாறு காந்தி நகர், அசோக் நகர், அண்ணா நகர் எல்லாம் எப்போது வந்தவை?

சுதந்திரத்தை ஒட்டியும் அதற்குப் பிறகும். போருக்குப் பின் நகரத்தில் கடுமையான வீட்டுப் பஞ்சம். கூட்டுறவு வீட்டு வசதிச் சங்கங்கள் அடையாற்றில் காந்தி நகர் போன்றவற்றை அமைத்தன, நகர மேம்பாட்டு டிரஸ்ட் சி.ஐ.டி. நகரை உருவாக்கியது. 1961-ல் வீட்டு வசதி வாரியம் வந்ததும் வேகம் கூடியது. அசோக் நகர், கே.கே. நகர், பெசன்ட் நகர் வாரியத்தின் கைவண்ணம். நடுவக்கரை, முள்ளம் போன்ற கிராமங்கள் இருந்த இடத்தில் 1968-ல் உலக வர்த்தகக் கண்காட்சி நடந்தது. கண்காட்சியின் கோபுரம் பூங்காவாக நின்றது, சுற்றிலும் அண்ணா நகர் வளர்ந்தது. எழுத்தால் பிளாக், எண்ணால் அவென்யூ. எல்.ஐ.ஜி., எம்.ஐ.ஜி., எச்.ஐ.ஜி. (குறைந்த, நடுத்தர, உயர் வருமானப் பிரிவுகள்) என்று சாதிக்குப் பதிலாக வருமானத்தைப் பார்த்து வீடு கொடுத்தார்கள். வரிசையாக மரம் நட்ட அகலச் சாலைகள் இன்று அந்தப் பகுதிகளின் பெரிய சொத்து.

பழைய வீடு எப்படி இருக்கும்? எதை வைத்து அடையாளம் காண்பது?

கோயில் தெரு வீடு என்றால் அகலம் குறைவு, நீளம் அதிகம். திண்ணை, ரேழி (வாசலை ஒட்டிய நடை), வானம் பார்த்த முற்றம், அதைச் சுற்றித் தாழ்வாரம், கூடம், சமையலறை, கிணறு, கொல்லை என்று ஒரே நேர்கோட்டில் போகும். இரண்டு பக்கமும் பொதுச் சுவர் என்பதால் காற்றும் வெளிச்சமும் முற்றத்திலிருந்துதான். முற்றத்தைக் கண்ணாடியோ தகரமோ போட்டு மூடிவிட்டால் அந்த வீடு மூச்சு முட்டும்.

கூரைக்கு மெட்ராஸ் டெரஸ் என்று பெயர். தேக்கு உத்திரங்களுக்குக் குறுக்கே கட்டைகள், அவற்றின் மேல் மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாகவும் மூலைவாட்டாகவும் சுண்ணாம்பில் பதிப்பார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காய், வெல்லத் தண்ணீர் விட்டு நாள் கணக்கில் தட்டுவார்கள். கடைசியில் தட்டோடு என்ற தட்டையான ஓட்டைப் பதிப்பார்கள். சிமென்ட் தளத்தைவிட இது வெயிலை நன்றாகத் தாங்கும். ஆனால் மழைநீர் இறங்கி உத்திரம் உளுத்துவிட்டால், சரி செய்யத் தெரிந்த கொத்தனார் இன்று எளிதில் கிடைப்பதில்லை.

1930-களிலிருந்து தி. நகர், லஸ் பக்கம் எழுந்த வீடுகளில் வளைந்த பால்கனி, ஜன்னலுக்கு மேல் நீண்ட சன்ஷேட், கம்பியில் உதயசூரியன் அல்லது அலைக் கோலம், முகப்பில் கட்டிய ஆண்டு எல்லாம் இருக்கும். சிவப்பு ஆக்சைடு தரையும் இருந்தால் அநேகமாக அந்தக் காலத்து வீடுதான்.

ஸ்டோர் வீடு என்றால்?

நடுவே ஒரு நீள நடைபாதை, இரு பக்கமும் ஒரு அறை, இரண்டு அறை கொண்ட குடித்தனங்கள், எல்லோருக்கும் பொதுவாகக் குழாயும் கழிப்பறையும். ஒரே வீட்டுக்காரர். மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, மேற்கு மாம்பலத்தில் ஏராளமாக இருந்தன. குறைந்த சம்பளக்காரர்களின் குடும்பங்களை நகரத்தின் நடுவே வாழவைத்தது இந்த ஏற்பாடுதான். இவை இடிபட்டபோது அங்கே எழுந்த ஃபிளாட்டுகளில் பழைய குடித்தனக்காரர்களுக்கு இடம் இருக்கவில்லை.

குப்பங்களும் சேரிகளும் இந்த வரலாற்றில் வருமா?

வராமல் எப்படி? நொச்சிக்குப்பமும் அயோத்தியா குப்பமும் மெரினாச் சாலையோரம் வேண்டாத இடமாகப் பார்க்கப்படுகின்றன, ஆனால் கடலோர மீனவர் வாழ்க்கை கோட்டையைவிடப் பழையது. அதேபோல் ஒவ்வொரு பழைய கிராமத்துக்கும் ஊர் என்று ஒரு பகுதியும் சற்றுத் தள்ளிச் சேரி என்று ஒரு பகுதியும் இருந்தன. நகரம் சுற்றி வளர்ந்தபோது சேரி நடுவில் அகப்பட்டது. வயலில் உழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் பங்களாக்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் மாநகராட்சியிலும் உழைத்தார்கள்.

1970-ல் குடிசை மாற்று வாரியம் அமைந்தபோது மக்கள் வாழ்ந்த இடத்திலேயே அடுக்குமாடி கட்டிக் கொடுப்பது முக்கிய வழியாக இருந்தது. 2000-க்குப் பிறகு கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று தொலைவுக்கு அனுப்புவது அதிகமாயிற்று. தலைமுறைகளாக ஒரு இடத்தில் வாழ்ந்தவர்களை வேலையிலிருந்தும் பள்ளியிலிருந்தும் பிரித்து அனுப்பியதை நகர வளர்ச்சி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாரம்பரியம் என்ற பேச்சு பங்களாவோடும் கோயில் தெருவோடும் நின்றுவிட்டால் பாதி ஊரை விட்டுவிட்டோம் என்றுதான் அர்த்தம்.

பழைய வீடுகள் ஏன் இவ்வளவு வேகமாக இடிபடுகின்றன?

ஒரு காரணம் இல்லை. 1940-களில் தொடங்கிய வாடகைக் கட்டுப்பாடு 1960 சட்டமாக நிலைபெற்றது. அது குடித்தனக்காரரைக் காப்பாற்றியது, ஆனால் வரும் சொற்ப வாடகையில் பழுது பார்க்க வீட்டுக்காரர் முன்வரவில்லை. 2017-ல் வந்த புதிய சட்டம் அதை மாற்றியபோது பல வீடுகள் கை மீறிப் போயிருந்தன. இன்னொரு காரணம் பாகப்பிரிவினை. ஒரு வீட்டுக்கு ஏழு வாரிசுகள், நான்கு பேர் வெளிநாட்டில் என்றால், பில்டரிடம் கொடுத்து ஆளுக்கு ஒரு ஃபிளாட் வாங்கிக்கொள்வதுதான் சண்டை இல்லாத வழி. யாரையும் குறை சொல்ல முடியாது.

2019-ன் ஒருங்கிணைந்த கட்டட விதிகள் உயரமில்லாத கட்டடங்களுக்குத் தளப்பரப்புக் குறியீட்டை, அதாவது மனைப் பரப்பைப்போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவை, 1.5-லிருந்து 2 ஆக உயர்த்தின. ஒரு கிரவுண்டு மனையில் 4,800 சதுர அடி கட்டலாம் என்றாகிவிட்டது. தரைத்தளம் முழுக்கக் கார் நிறுத்தம், அதற்கு மேல் வீடுகள். தெருவில் நடக்கிறவர் கண்ணுக்கு மனிதர்கள் தெரிவதில்லை, தூண்களும் பம்பரும்தான் தெரிகின்றன. உயரத்தைவிட இதுதான் தெருவின் குணத்தை அதிகம் கெடுக்கிறது என்பது என் கருத்து.

சட்டப் பாதுகாப்பு ஏதாவது உண்டா?

தனிக் கட்டடங்களுக்குக் கொஞ்சம் உண்டு. பாரம்பரியக் கட்டடப் பட்டியல் ஒன்று இருக்கிறது, சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.வில் பாரம்பரியப் பாதுகாப்புக் குழு இருக்கிறது, 2012-ல் மாநிலப் பாரம்பரிய ஆணையச் சட்டமும் வந்தது. ஆனால் பட்டியலில் இருப்பவை பெரும்பாலும் பொதுக் கட்டடங்கள். சாதாரண வீட்டு வரிசையைத் தெருவோடு சேர்த்துக் காப்பாற்றும் ஏற்பாடு நடைமுறையில் இல்லை.

என் தெருவின் வரலாற்றை எப்படித் தேடுவது?

முதலில் வீட்டுப் பத்திரத்தை எடுங்கள். மூலப் பத்திரத்தில் நான்கு எல்லைகளும் எழுதியிருக்கும். பக்கத்தில் இருந்த தோப்பு, குளம், யாருடைய தோட்டம் என்பதெல்லாம் அங்கே கிடைக்கும். பதிவு அலுவலகத்தில் வில்லங்கச் சான்று போட்டால் கை மாறிய வரிசை தெரியும். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கம்பெனி காலப் பதிவேடுகளும், கன்னிமாரா நூலகத்தில் பழைய கெசட்டியர்களும் இருக்கின்றன. தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய தமிழ்ப் பத்திரிகைகளைத் தேடலாம்.

ஆனால் ஆவணத்தைவிட அவசரமானது பெரியவர்களின் ஞாபகம். தெருவில் 80 வயதைத் தாண்டியவர் இருந்தால் இந்த வாரமே போய்ப் பேசுங்கள். "அந்தக் காலத்தில் எப்படி இருந்தது?" என்று கேட்டால் பொதுவாக ஏதாவது சொல்லி முடித்துவிடுவார்கள். தண்ணீர் எங்கே பிடித்தீர்கள், பால் யார் கொண்டுவந்தார்கள், டிராம் ஏற எவ்வளவு தூரம் நடந்தீர்கள், எந்தத் தெருவுக்குள் யாரை விட மாட்டார்கள் என்று கேளுங்கள். டிராம் 1953-ல் நின்றுவிட்டது. அதில் ஏறியதை நினைவு வைத்திருப்பவர்கள் வெகு சிலர்தான். போனில் பதிவு செய்துகொள்ள அனுமதி கேளுங்கள். வீட்டை இடிக்கக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் அதற்கு முன் முற்றம், கூரையின் அடிப்பக்கம், தரை, கிணறு எல்லாவற்றையும் படம் எடுங்கள், அறைகளை டேப் வைத்து அளந்து ஒரு தாளில் வரைந்து வையுங்கள். மூலப் பத்திரத்தின் அசல் பில்டர் கைக்கோ வங்கிக்கோ போவதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும், முத்திரைத் தாளின் பின்பக்கக் குறிப்புகள் உட்பட, நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.